யாரிடமிருந்து மறைக்கிறோம்?

(பல்லாவரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அரசின் வெளிப்படைத்தன்மை என்று தொடங்கினால் ஊழல், டெண்டர், கணக்கு வழக்கு என்றுதான் பேச்சு போகும். அதெல்லாம் முக்கியம்தான். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது அதைவிடச் சிக்கலான ஒன்று. அணை, அணுமின் நிலையம், விமான நிலையம், மின் கட்டமைப்பு, இரசாயனக் கிடங்கு ஆகியவை தாக்கப்பட்டாலும் பழுதானாலும் அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் உயிருக்கு ஆபத்து. அந்த ஆபத்தைப் பற்றி அரசுக்குத் தெரிந்ததில் எவ்வளவை மக்களுக்குச் சொல்ல வேண்டும்? எவ்வளவை மறைக்க வேண்டும்?

இதைப் பேசுவதற்குப் பல்லாவரம் பொருத்தமான ஊர். நமக்கு ஒரு பக்கம் மீனம்பாக்கம் விமான நிலையம். இன்னொரு பக்கம் கண்டோன்மென்ட்டும் பரங்கிமலை இராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியும். தெற்கே போனால் தாம்பரம் விமானப்படைத் தளம். படம் எடுக்கக் கூடாது, உள்ளே வரக் கூடாது என்ற பலகைகளைப் பார்த்தே இந்த ஊர்ப் பிள்ளைகள் வளர்கிறார்கள். இவற்றுக்கு மேற்கிலும் வடக்கிலும் அடையாறு ஓடுகிறது. திருநீர்மலை, அனகாபுத்தூர், கவுல் பஜார், பொழிச்சலூர் என்று நம் வீடுகளை ஒட்டியே வருகிறது. விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அந்த ஆற்றைத் தாண்டித்தான் நீள்கிறது. காவல் போட்டுக் காக்கும் பொருள்களும், காவல் இல்லாமல் ஓடும் ஆறும் நம் ஊரில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டமைப்பைப் பற்றி இரண்டு விதமான செய்திகள் உண்டு. அதை எப்படி உடைக்கலாம் என்பது ஒன்று. அது உடைந்தால் நமக்கு என்ன ஆகும் என்பது மற்றொன்று. முதலாவது பூட்டி வைக்க வேண்டியது. அதில் எனக்குத் தயக்கமே இல்லை. இரண்டாவது நம் தெருச்சுவரில் எழுதப்பட வேண்டியது. நம் நாட்டில் இரண்டையும் ஒரே கோப்பில் போட்டு, ஒரே முத்திரை குத்தி, ஒரே பீரோவில் வைத்துவிடுகிறார்கள். அதனால் எதிரிக்கு எவ்வளவு இழப்பு என்று என்னால் சொல்ல முடியாது. ஆற்றங்கரையில் குடியிருப்பவருக்கு என்ன இழப்பு என்று 2015-ல் பார்த்துவிட்டோம்.

அந்த நாளை இந்த அவையில் பலருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 2015 டிசம்பர் 1. மறுநாள் காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை. நவம்பர் முழுக்கப் பெய்திருந்ததால் தரை ஏற்கெனவே ஊறிக் கிடந்தது, ஏரிகள் தளும்பிக்கொண்டிருந்தன. செம்பரம்பாக்கத்தில் காலையில் விநாடிக்குச் சில நூறு கன அடியாக இருந்த உபரி நீர் வெளியேற்றம் அன்றைக்கே 29,000 கன அடிக்குப் போனது. அந்த அளவு 21 மணி நேரம் தொடர்ந்தது என்று இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை பதிவு செய்திருக்கிறது.

ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். அப்படியானால் விநாடிக்கு எட்டு லட்சம் லிட்டருக்கு மேல். 21 மணி நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் இரண்டு டிஎம்சியைத் தாண்டுகிறது. ஏரியின் மொத்தக் கொள்ளளவே 3.645 டிஎம்சிதான். பாதி ஏரிக்கும் மேலான தண்ணீர் ஒரு நாளுக்குள் நம் ஊர் வழியாகக் கடலுக்குப் போயிருக்கிறது. விமான நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்து, சில நாள்கள் பயணிகள் விமானங்களே இல்லை. அரக்கோணத்தில் உள்ள கடற்படைத் தளத்திலிருந்து விமானங்களை இயக்கினார்கள். அவ்வளவு காவலும் வேலியும் உள்ள இடத்தின் கதியே இது என்றால், அனகாபுத்தூரில் ஆற்றோரம் ஓட்டு வீட்டில் இருந்தவர் கதியை என்ன சொல்ல.

தணிக்கை அறிக்கை அந்த வெள்ளத்தை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றே சொன்னது. அதைச் சட்டமன்றத்தில் வைத்தது 2018 ஜூலையில். இரண்டரை ஆண்டு கழித்து. ஏரியை முன்கூட்டியே திறந்திருக்கலாமா, யார் உத்தரவுக்காக யார் காத்திருந்தார்கள் என்ற வழக்குக்குள் நான் இன்று போகவில்லை. எதிர்பாராத பெருமழை என்றும், எச்சரிக்கை கொடுத்தோம் என்றும் அரசுத் தரப்பு சொன்னது. மழை அசாதாரணமானது என்பதை நானும் ஏற்கிறேன். எச்சரிக்கையில்தான் என் கேள்வி இருக்கிறது.

அந்த எச்சரிக்கை நமக்கெல்லாம் மனப்பாடம். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து இத்தனை கன அடி திறக்கப்படுகிறது. சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை மற்றும் அடையாற்றின் இருபுறமும் தாழ்வான பகுதிகளில் வசிப்பவர்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்ல வேண்டும். கேட்கும்போது தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் பம்மலில் ஒரு தெருவில் இருப்பவர் இதைக் கேட்டு என்ன முடிவெடுக்க முடியும்? என் வீடு தாழ்வான பகுதியா? 5,000 கன அடி வந்தால் தெருமுனை வரைக்கும் வருமா? 20,000 வந்தால் மாடிக்குப் போனால் போதுமா, ஊரைவிட்டே போக வேண்டுமா? எத்தனை மணிக்குள்? ஏரியின் பொறியாளருக்குக் கன அடி ஒரு செய்தி. தெருவில் இருப்பவருக்கு அது வெறும் எண். அந்த எண்ணைத் தண்ணீரின் உயரமாக மாற்றித் தருவது வெள்ளப் பரவல் வரைபடம். இந்த அளவு திறந்தால் இந்த இடத்தில் இவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும் என்று காட்டுவது. அதுதான் அன்றைக்கு மக்கள் கையில் இல்லை.

இல்லாததன் விளைவு உயிர்ச்சேதத்தோடு நிற்கவில்லை. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் இன்றைக்கும் பலர் தங்கள் வீட்டை மூழ்கடித்தது செம்பரம்பாக்கம் என்றே நம்புகிறார்கள். செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலைக்கு அருகே. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே, ஆதனூர்ப் பக்கமிருந்து வரும் கிளையில் இருக்கின்றன. அவர்களை மூழ்கடித்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் தண்ணீரும், ஒடுங்கிப்போன ஆறும், ஆற்றின் வயிற்றில் கட்டிய மனைகளும். ஆபத்து எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றே தெரியாதவர், அடுத்த மழையில் தவறான ஏரியின் நீர்மட்டத்தைத்தான் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருப்பார். ஏரி உடைந்துவிட்டது என்று யாரோ கிளப்பிவிட்டால் நம்பி ஓடுவார். அதிகாரிகள் பீதியைத் தவிர்க்கத்தான் பேசாமல் இருக்கிறோம் என்பார்கள். பேசாத இடத்தில்தான் பீதி குடியேறுகிறது.

இதற்குள் மாற்றம் வரவில்லை என்று சொன்னால் அது அநியாயம். 2020 நவம்பர் 25, நிவர் புயலின்போது, செம்பரம்பாக்கத்தில் நீர்மட்டம் 22 அடியை எட்டியதும், நண்பகல் 12 மணிக்கு 1,000 கன அடி திறக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டுத் திறந்தார்கள். பிறகு படிப்படியாகக் கூட்டினார்கள். நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் எல்லாம் அவ்வப்போது வெளியாயின. ஐந்து ஆண்டுக்கு முன் கோப்பில் கிடந்த எண்கள் அன்று ஊர் வாயில் இருந்தன. அதனால் ஏரிக்கு ஒரு ஆபத்தும் வந்துவிடவில்லை.

இனி எதிர்த்தரப்பின் வாதத்துக்கு வருகிறேன். அதை மரியாதையோடு கேட்க வேண்டும். அதில் உண்மை இருக்கிறது.

2008 நவம்பர் 26 அன்று மும்பையில் என்ன நடந்தது? தாஜ் ஓட்டலைச் சுற்றிக் கமாண்டோக்கள் எங்கே இறங்குகிறார்கள், எந்தப் பக்கம் நகர்கிறார்கள் என்பதைத் தொலைக்காட்சிகள் நேரலையில் காட்டின. எல்லைக்கு அப்பால் உட்கார்ந்திருந்தவர்கள் அதைப் பார்த்தபடியே உள்ளே இருந்த கொலையாளிகளுக்குத் தொலைபேசியில் வழி சொன்னார்கள். 2012-ல், அந்தத் தாக்குதலில் பிடிபட்ட கசாப்பின் வழக்குத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகக் கண்டித்தது. நம் தாம்பரம் தளத்திலோ மீனம்பாக்கத்திலோ அப்படி ஒரு நாள் வந்தால், வாசலில் நின்று கைப்பேசியில் படம் பிடித்து ஏற்றுகிறவர் தகவல் உரிமை பேச முடியாது. காவல் மாறும் நேரம், மதகுகளை இயக்கும் கணினி அமைப்பின் விவரம், சரிசெய்யப்படாத ஒரு விரிசலின் துல்லியமான இடம், அணு உலையின் கட்டுப்பாட்டு வலைப்பின்னல் ஆகியவற்றைக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை. கேட்கவும் மாட்டேன்.

ஆனால் இரகசியம் என்ற பெயரில் எதிரிக்கு எட்டாமல் வைத்தது நடைமுறையில் யாருக்கு எட்டாமல் போகிறது என்று பாருங்கள். கடற்கரையை ஒட்டிய நம் பகுதிகளின் நிலவரைபடங்கள் பல காலம் கட்டுப்படுத்தப்பட்டவையாக இருந்தன. கல்லூரி மாணவர் ஒருவர் தன் ஊரின் மேடு பள்ளத்தைப் படிக்க அனுமதிக் கடிதத்தோடு அலைந்தார். அதே நேரத்தில் வெளிநாட்டுச் செயற்கைக்கோள் படங்கள் நம் கூரைகள் வரைக்கும் காட்டிக்கொண்டிருந்தன. 2021 பிப்ரவரியில்தான் மத்திய அரசு அந்தக் கட்டுப்பாடுகளைப் பெருமளவு தளர்த்தியது. அதுவரை அந்த வரைபடம் எதிரியிடம் இருந்தது, நம் மாணவரிடம் இல்லை.

இலங்கையில் நடந்தது இதைவிடக் கொடியது. 2019 ஏப்ரல் 4 அன்றே இந்திய உளவுத் துறையிடமிருந்து, தேவாலயங்கள் தாக்கப்படலாம் என்ற எச்சரிக்கை போனது. அது கடிதமாக அலுவலகங்களுக்குள் சுற்றியது. பிரமுகர்களின் பாதுகாப்புப் பிரிவுக்குக்கூடப் போனது. தேவாலயங்களுக்குப் போகவில்லை. ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை, நீர்கொழும்பு, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், ஓட்டல்கள் ஆகியவற்றில் குண்டுகள் வெடித்தன. 250-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். 2023 ஜனவரி 12 அன்று இலங்கை உச்ச நீதிமன்றம், முன்னாள் அதிபர் மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. உளவாளியின் பெயரையோ தகவல் வந்த வழியையோ யாரும் கேட்கவில்லை. இந்த ஞாயிறு கவனமாக இருங்கள் என்று ஒரு பாதிரியாரிடம் சொல்லியிருந்தால் போதும்.

நம் சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவில் தகவல் உரிமைக்கு முதலில் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு, 1997-ல். விலக்குகள் மலிந்த சட்டம் அது, பயன் குறைவு. 2005-ன் மத்தியச் சட்டம் வந்த பிறகுதான் கதவு திறந்தது. அதன் 8(1)(அ) பிரிவு, நாட்டின் இறையாண்மையையும் பாதுகாப்பையும் பாதிக்கக்கூடிய தகவலை மறுக்கலாம் என்கிறது. இந்தப் பிரிவைச் சுட்டிக்காட்டி வரும் மறுப்புக் கடிதங்கள் நம்மில் பலருக்குப் பழக்கம். அதே சட்டத்தின் 10-வது பிரிவை அந்தக் கடிதங்களில் காண்பது அரிது. ஓர் ஆவணத்தில் மறைக்க வேண்டிய பகுதி இருந்தால், அதை நீக்கிவிட்டு மீதியைக் கொடு என்கிறது அது. 8(2) பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், பொதுநலன் பெரிதென்றால் விலக்கு பெற்ற தகவலையும் தரலாம் என்கிறது. ஒருவருடைய உயிர் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும் என்கிறது 7(1). சட்டம் எழுதியவர்கள் இந்தச் சிக்கலை யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

அடையாற்றின் நீரளவுத் தரவுக்கு வேறு சட்டத் தடையும் இல்லை. மத்திய அரசின் நீர்த்தரவுக் கொள்கை இரகசியம் என்று வைத்திருப்பது சிந்து, கங்கை, பிரம்மபுத்திரா போன்ற எல்லை தாண்டும் ஆற்றுப்படுகைகளைத்தான். தென்னக ஆறுகள் அதில் வரவில்லை.

10-வது பிரிவை ஒருவர் முறையாகப் பயன்படுத்திய வழக்கு கூடங்குளத்தில் இருக்கிறது. உலையின் இட மதிப்பீட்டு அறிக்கையையும் பாதுகாப்புப் பகுப்பாய்வு அறிக்கையையும் அணு உலை எதிர்ப்பாளர் சுப. உதயகுமார் கேட்டார். மறுத்தார்கள். மேல்முறையீட்டில் மத்தியத் தகவல் ஆணையர் சைலேஷ் காந்தி 2012 ஏப்ரல் 30 அன்று, உலை வடிவமைப்பில் உற்பத்தியாளருக்கு உரிய நுட்ப விவரங்களை நீக்கிவிட்டு மற்றவற்றைக் கொடுங்கள் என்று உத்தரவிட்டார். சரியான வெட்டு அது. இந்திய அணுமின் கழகம் அதை ஏற்கவில்லை. தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கரையில் இடிந்தகரை மக்கள் உலையை எதிர்த்து உட்கார்ந்திருந்த காலம் அது. உலைக்குப் பக்கத்தில் வாழ்கிறவருக்கு அந்த இடத்தைப் பற்றிய ஆய்வைக் காட்ட மறுத்துவிட்டு, உலை பாதுகாப்பானது, நம்புங்கள் என்று அறிவியலாளர்களை அனுப்பினார்கள். எப்படி நம்புவார்கள்?

ஏழு ஆண்டு கழித்து அதே கூடங்குளம் இன்னொரு பாடம் தந்தது. 2019 அக்டோபர் 28. தீங்கு நிரல்களைச் சோதிக்கும் பொதுத் தளம் ஒன்றில் ஏற்றப்பட்டிருந்த டிட்ராக் என்ற நிரலில் கூடங்குளத்தின் சுவடு இருப்பதை வெளியில் உள்ள இணையப் பாதுகாப்பு வல்லுநர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். மறுநாள் 29-ஆம் தேதி நிலையத்திலிருந்து அறிக்கை வந்தது: பொய்யான செய்தி பரவுகிறது, உலையின் கட்டுப்பாட்டு அமைப்பு இணையத்தோடு சேராதது, அதன்மீது இணையத் தாக்குதல் சாத்தியமே இல்லை. 30-ஆம் தேதி அணுமின் கழகத்தின் தலைமையகம் வேறு அறிக்கை தந்தது. நிரல் கண்டுபிடிக்கப்பட்டது உண்மை. நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு சேர்ந்த ஒரு கணினியில் அது இருந்தது. உள் வலைப்பின்னல் பாதிக்கப்படவில்லை. இணையத் தாக்குதல்களைக் கண்காணிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு செப்டம்பர் 4-ஆம் தேதியே எங்களுக்குத் தெரிவித்துவிட்டது.

செப்டம்பர் 4-க்கும் அக்டோபர் 30-க்கும் இடையில் கிட்டத்தட்ட இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்தின் பெரும்பகுதிக்கு அமைதி காத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். ஊடுருவியவன் உள்ளே இருக்கிறானா, வெளியேறிவிட்டானா என்று தெரியும் முன் பறையடித்தால் அவன் தடயத்தை அழித்துவிட்டுப் போவான். எந்தக் கணினி, எந்தப் பயனர், எந்த ஓட்டை என்பதெல்லாம் இன்றுவரைக்கும் எனக்குத் தேவையில்லை. 29-ஆம் தேதி அறிக்கைதான் மன்னிக்க முடியாதது. இப்போதைக்கு விவரம் சொல்ல இயலாது, விசாரணை நடக்கிறது என்று ஒரு வரி போதுமாக இருந்தது. உலையின் கட்டுப்பாட்டு அமைப்பைப் பற்றி அவர்கள் சொன்னது முழுக்க உண்மையாகவே இருக்கலாம். நிர்வாகக் கணினியில் நடந்ததை மறுப்பின் நிழலில் வைத்ததால், மறுநாள் சொன்ன உண்மையையும் நம்ப ஆளில்லாமல் போயிற்று. அரசு மௌனமாக இருக்கலாம். அதற்குக் காரணங்கள் உண்டு. மறுத்துப் பேச மட்டும் கூடாது. ஏனென்றால் உண்மையான ஆபத்து நாளில், வீட்டுக்குள் இருங்கள் என்று அதே அரசு சொல்ல வேண்டியிருக்கும். அன்று கேட்பதற்கு ஆள் வேண்டும். நமக்கு ஐம்பது, அறுபது கிலோமீட்டரில் கல்பாக்கம் இருக்கிறது. இதை நெல்லைக்காரர் பிரச்சினை என்று ஒதுக்க முடியாது.

அதற்குப் பிறகு வந்த விதிகளைப் பாருங்கள். 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவின்படி, இணையத் தாக்குதலுக்கு உள்ளாகும் நிறுவனங்கள் ஆறு மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். நல்ல விதி. 2023 நவம்பரில் அதே செர்ட்-இன்னைத் தகவல் உரிமைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். இனி ஊழல் அல்லது மனித உரிமை மீறல் குற்றச்சாட்டு இருந்தாலொழிய அதனிடம் எதையும் கேட்க முடியாது. எல்லாத் தாக்குதல்களும் அதற்குத் தெரியும். அதற்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது. ஒரு மருத்துவமனையின் நோயாளிப் பதிவேடுகள் களவுபோனால், அந்த நோயாளிக்குச் சொல்லப்பட்டதா என்று எப்படிக் கேட்பது? மொத்த நிறுவனத்தையும் சட்டத்துக்கு வெளியே தூக்கி வைத்த பிறகு, 10-வது பிரிவு கொடுத்த கத்தியை எந்த ஆவணத்தின் மீது வைப்பது? இந்த முடிவு தவறு என்பது என் உறுதியான கருத்து.

வேறு நாடுகளில் நடந்ததையும் பாருங்கள். ஜப்பானில் 2011 மார்ச்சில் புகுஷிமா உலைக் கட்டடங்கள் வெடித்தபோது, கதிர்வீச்சு எந்தத் திசையில் பரவும் என்று கணிக்கும் அமைப்பு அந்த அரசிடம் இருந்தது. கணிப்பு வந்தது. வெளியிடவில்லை. நமியே ஊர் மக்கள் கடலோரத்திலிருந்து வடமேற்கே சுஷிமா என்ற மலைப்பகுதிக்கு ஓடினார்கள். கதிர்வீச்சும் அந்தத் திசையில்தான் போனது. கணிப்புகள் வெளிவரத் தொடங்கியது மார்ச் 23-ல். மக்கள் பீதியடைவார்கள் என்ற அச்சமும் காரணம் என்று பிற்பாடு அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டது. அந்தக் கணிப்பு எந்தத் தீவிரவாதிக்கும் உதவியிருக்காது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நின்ற தாய்க்கு உதவியிருக்கும்.

அமெரிக்காவும் 2001-க்குப் பிறகு நிறைய மறைத்தது. இரசாயன ஆலைகளின் விபத்துத் திட்டங்களை இணையத்திலிருந்து எடுத்தார்கள். அணைகளின் விவரங்களைப் பூட்டினார்கள். 2017 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் ஓரோவில் அணையின் உபரி நீர்ப்போக்கி அரித்துக்கொண்டு போனபோது 1,88,000 பேரை வெளியேற்ற வேண்டியதாயிற்று. அதே ஆண்டு அந்த மாநிலம் சட்டம் இயற்றியது: அணை உடைந்தால் எந்தெந்தப் பகுதி மூழ்கும் என்ற வரைபடத்தைத் தயாரித்துப் பொதுமக்களுக்கு வெளியிட வேண்டும். தீவிரவாத அச்சத்தை நம்மைவிடக் குறைவாகக் கொண்ட நாடல்ல அது.

நம் கதைக்குத் திரும்புவோம். 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. அடுத்த ஓரிரு நாளில்தான், 2015-ல் சுங்கத் துறை பறிமுதல் செய்த சுமார் 697 டன் அம்மோனியம் நைட்ரேட் மணலி அருகே ஒரு சரக்குப் பெட்டகக் கிடங்கில் இருப்பது சென்னைக்குத் தெரிந்தது. ஐந்து ஆண்டுகளாக அங்கேயே இருந்திருக்கிறது. செய்தி வெளியான சில நாள்களில் அதை ஏலத்தில் எடுத்தவரிடம் ஒப்படைத்து ஐதராபாத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். ஐந்து ஆண்டு முடியாதது சில நாளில் எப்படி முடிந்தது? ஊருக்குத் தெரிந்ததால் முடிந்தது. வேறு காரணம் இல்லை. அபாயகரமான இரசாயனங்களுக்கான 1989-ன் விதிகள், பெருவிபத்தால் பாதிக்கப்படக் கூடியவர்களுக்கு முன்கூட்டியே தகவல் தர வேண்டும் என்று சொல்கின்றன. போபாலுக்குப் பிறகு எழுதிய விதிகள் அவை. போபாலில் அந்த இரவு மருத்துவமனைக்கு ஓடி வந்தவர்களைத் தாக்கியது என்ன வாயு என்றே மருத்துவர்களுக்குத் தெரியாமல் இருந்தது.

இன்னும் ஒன்று. மறைக்க வேண்டியதை மறைக்கட்டும். மறைத்ததை மறைத்தவரே சரிபார்த்துக்கொள்வது போதாது. 1990-களில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் தலைவராக இருந்த ஏ. கோபாலகிருஷ்ணன் காலத்தில், நாட்டின் அணு நிலையங்களில் கவனிக்க வேண்டிய பாதுகாப்புக் குறைகளைத் தொகுத்து 1995-ல் ஓர் அறிக்கை தயாரானது. அதை வெளியிடக் கோரி மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், அணுசக்திச் சட்டத்தின் 18-வது பிரிவின்படி மறைக்கலாம் என்று 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தகவல் உரிமைச் சட்டம் வருவதற்கு முந்தைய தீர்ப்பு அது. அந்த அறிக்கையை முழுதாக வெளியிட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. குறைகள் சரிசெய்யப்பட்டனவா என்பதை அணுசக்தித் துறைக்கு வெளியே உள்ள ஒருவர், நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லும் ஒருவர், பார்த்திருக்க வேண்டும். சரிசெய்த குறையின் இரகசியம் அதோடு முடிந்துவிட வேண்டும். பத்தாண்டுக்கு முன் அடைத்த ஓட்டையை இன்றும் மறைப்பதற்குப் பாதுகாப்பு காரணமாக இருக்க முடியாது. ஓட்டை இருந்தது என்ற வெட்கம் காரணமாக இருக்கலாம்.

வீரப்ப மொய்லி தலைமையிலான இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2006-லேயே 1923-ன் அலுவல் இரகசியச் சட்டத்தை நீக்கச் சொன்னது. அது இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. தில்லியில் மாற வேண்டியது நிறைய. அதுவரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

2021 நவம்பரில் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், திருநீர்மலை எல்லாம் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. 2022 நவம்பர் 1 அன்று முதலமைச்சர் வந்து உட்கார்ந்த பகுதி சபைக் கூட்டம் நம் பம்மலில்தான் நடந்தது. அந்தச் சபை உங்களுடையது. அடுத்த கூட்டத்தில் கழிவுநீர்க் கால்வாயையும் தெருவிளக்கையும் கேட்டு முடித்த பிறகு, இதையும் கேளுங்கள். செம்பரம்பாக்கத்திலிருந்து 5,000, 10,000, 20,000, 29,000 கன அடி திறந்தால் நம் வார்டில் எந்தத் தெருவில் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும் என்ற வரைபடத்தை நீர்வளத் துறையிடமிருந்து பெற்று வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். ஆதனூர்க் கிளைக்குத் தனியாக ஒன்று கேளுங்கள். எந்தப் பள்ளிக்கூடம், எந்தத் திருமண மண்டபம் அந்த அளவிலும் மூழ்காது என்று குறிக்கச் சொல்லுங்கள். மின்கம்பங்களில் 2015-ன் நீர்மட்டத்தைப் பெயிண்டில் போடச் சொல்லுங்கள். பத்தாயிரம் கன அடி என்று அறிவிப்பு வந்தால் பாட்டிக்கும் புரிய வேண்டும். பாதுகாப்புக் காரணம் சொல்லி மறுத்தால், மறைக்க வேண்டிய பக்கத்தை நீக்கிவிட்டு மீதியைக் கொடுங்கள் என்று 10-வது பிரிவைக் குறிப்பிட்டுத் தகவல் உரிமை மனு போடுங்கள். கட்டணம் பத்து ரூபாய். தீர்மானமாக நிறைவேற்றிக் கவுன்சிலரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். மனுவுக்குப் பதில் தரச் சட்டம் கொடுக்கும் அவகாசம் 30 நாள். அதைக் கணக்கிட்டு, செப்டம்பர் பிறக்கும் முன்பே மனுவைப் போட்டுவிடுங்கள்.